கிரகக் குருவும் தீட்சைக் குருவும்

குருப் பெயர்ச்சி நாளில் நம் சிவாலயங்களில் அன்பர்கள் இரண்டு சன்னிதிகளில் திரள்வதைக் காண்கிறோம். ஒன்று, நவக்கிரக மேடையில் எழுந்தருளியிருக்கும் வியாழ பகவான் சன்னிதி. மற்றொன்று, கருவறையின் தென்புறக் கோட்டத்தில் கல்லால மரத்தடியில் வீற்றிருக்கும் தட்சிணாமூர்த்தி சன்னிதி. இருவருக்கும் மஞ்சள் வஸ்திரம், இருவருக்கும் கொண்டைக்கடலை மாலை. இருவரும் ஒருவரே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

வியாழ பகவான் தேவர்களின் ஆசான்; வினைப்பயனை அளந்து தரும் ஒன்பதின்மருள் ஒருவர். தட்சிணாமூர்த்தியோ சனகாதி முனிவர் நால்வருக்கும் மௌனத்தால் ஞானம் அருளிய சிவபெருமானே. ஆலங்குடியில் தட்சிணாமூர்த்தியையே குரு பரிகாரத்திற்கு வழிபடுகின்றனரே என அன்பர்கள் கேட்கலாம். அது அத்தலத்தின் மரபு. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் இவ்விரு குருமார்களின் வேறுபாடு விளங்கினாலன்றி, கிரகங்களின் ஆட்சி எதுவரை, தீட்சையின் ஆற்றல் எங்கே தொடங்குகிறது என்பது விளங்காது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுத்துக் கூறும். பல பிறவிகளில் ஈட்டி, பயன் தராமல் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவிக்கென முகந்து உடலோடு வந்தது பிராரத்தம். இப்பிறவியில் நாம் புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். களஞ்சியத்து நெல், உலையிலிட்ட அரிசி, வயலில் தூவும் விதை என இவற்றை மனத்திற் கொள்ளலாம். சோதிடர் கையிலுள்ள சாதகம் உலையிலிட்ட அரிசியை மட்டுமே காட்டுகிறது. விம்சோத்தரி முறைப்படி 120 ஆண்டுகளை ஒன்பது கிரகங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. வியாழ திசைக்கு 16, சனி திசைக்கு 19, கேது திசைக்கு 7 ஆண்டுகள். எப்பயன் எக்காலத்தில் வந்து சேரும் என்பதற்கு இது ஓர் அட்டவணை. கடிதத்தைக் கொண்டுவரும் தபால்காரரைப் போன்றவர் சனி பகவான். கடிதத்தை எழுதியவர் நாமே.

கேதுவை ஞானகாரகன் என்றும், பன்னிரண்டாம் இடத்தை மோட்ச ஸ்தானம் என்றும் சோதிட நூல்கள் கூறுகின்றன. "கேது பன்னிரண்டில் இருக்கிறார், இனி உமக்கு மறுபிறவி இல்லை" என்று சொல்லக் கேட்டு மகிழ்ந்து திரும்புவோரும் உளர். பாதை இருப்பதைக் கட்டம் காட்டலாம். நடக்க வேண்டியவர் அவரல்லவா?

தமிழில் தீக்கை எனப்படும் தீட்சை, ஞானத்தைக் கொடுத்து மலத்தைக் கெடுப்பது எனப் பொருள்படும். இதன் படிகள் மூன்று. சமய தீட்சையில் ஆசாரியர் திருவைந்தெழுத்தை உபதேசித்து நம்மைச் சைவ நெறியில் புகுத்துகிறார். விசேட தீட்சை, சிவபூசை செய்யும் உரிமையைத் தருகிறது. மூன்றாவதான நிருவாண தீட்சையே நம் பொருளுக்கு முதன்மையானது. அதில் மந்திரம், பதம், வன்னம், புவனம், தத்துவம், கலை என்னும் ஆறு அத்துவாக்களையும் ஆசாரியர் சோதித்து, அவற்றில் தங்கிய சஞ்சித வினையை எரிக்கிறார். களஞ்சியம் காலியாகிறது. ஆகாமியம் ஏறாதவாறு குருவருளால் பெற்ற ஞானம் காக்கிறது. பிராரத்தம் மட்டும் எஞ்சி, உடல் உள்ளவரை நுகர்ந்தே கழியும். ஆகவே நிருவாண தீட்சை பெற்றவருக்கும் ஏழரைச் சனி வரும், நோய் வரும், பொருள் இழப்பும் வரும். கிரகம் தன் கடமையைச் செய்யும்; ஆனால் அந்த உலை இறங்கியபின் ஏற்றுவதற்கு வேறு உலை இல்லை.

மேலைநாட்டிலும் இத்தகைய சிந்தனை உண்டு. தியோசாபி இயக்கத்தில் இருந்து பின்னர்த் தனி வழி கண்ட ஆலிஸ் பெய்லி அம்மையாரின் மறைஞான சோதிட நூல் 1951இல் வெளிவந்தது. மேஷ ராசிக்குச் செவ்வாய் அதிபதி என்பது பொது வழக்கு. ஆன்மிகப் பாதையில் அடியெடுத்து வைத்தவனுக்கோ மேஷத்தின் அதிபதி புதன் என்கிறது அந்நூல். தீட்சைகளையும் ஐந்து படிகளாக அவர் கொண்டார். சாதகன் உயர உயர அதிபதி மாறுகிறார் என்பது அவர் கொள்கை. நம் ஆசாரியர்கள் அதிபதியை மாற்றவில்லை. அவர் ஆளுவதற்கு இருக்கும் வினையைக் குறைத்தார்கள். எனக்கு நம் முறையே பொருத்தமாகப் படுகிறது.

இதற்குத் திருஞானசம்பந்தர் வரலாறே சான்று. சீகாழியில் மூன்று வயதில் உமையம்மையின் ஞானப்பால் உண்டவர் அவர். மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று மதுரைக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் நன்றாக இல்லை என்று திருமறைக்காட்டில் தடுத்தவர் திருநாவுக்கரசர். அவரும் திருநல்லூரில் இறைவனின் திருவடி தீட்சை பெற்றவரே. அங்குப் பிறந்த கோளறு பதிகம் கிழமை வரிசையில் கோள்களைப் பெயர் சொல்லி அழைத்து, அடியார்க்கு அவை நல்லவையே என்கிறது. மதுரையில் அனல் வாதத்தில் எரியாமல் பச்சையாக நின்ற ஏடு, திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏடு. இன்று சனி பகவானுக்கு அஞ்சி நாம் ஓடுவதும் அந்தத் திருநள்ளாற்றுக்கே.

ஆலய நிர்வாகத்தில் இருப்பவன் என்ற முறையில் வெளிப்படையாக எழுதுகிறேன். பெயர்ச்சி நாள் வருமானம் எங்கள் ஆலயச் செலவுக்குப் பெரிதும் உதவுகிறது. அதை வேண்டாம் என்று சொல்ல இயலாது. ஆனால் அச்சம் குறைந்ததாகத் தெரியவில்லை. 2025 மார்ச் 29இல் திருக்கணிதப்படி சனி மீனத்திற்குப் பெயர்ந்தபோது, வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026இல்தான் பெயர்ச்சி எனத் திருநள்ளாறு ஆலயம் அறிவித்தது. எது சரி என்று கேட்டு ஆலய அலுவலகத்திற்கு வந்த தொலைபேசி அழைப்புகள் பல. இருமுறையும் பரிகாரம் செய்துவிடலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். சமய தீட்சை எப்போது என்று கேட்டவர் எவருமில்லை. பரிகாரம் ஒரு நாளில் முடிந்துவிடும். தீட்சை பெற்றவரோ நாள்தோறும் திருநீறணிந்து ஐந்தெழுத்தைச் செபிக்க வேண்டும், புலாலையும் மதுவையும் விலக்க வேண்டும். தயக்கத்திற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். தீட்சை பெற்ற முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வரும் வேளையில், அவ்விடத்தை நிரப்ப இளையோர் வரவில்லை.

அடுத்த பெயர்ச்சி நாளில் அர்ச்சனைச் சீட்டு வழங்கும் மேசையிலேயே தீட்சைப் பதிவேட்டையும் வைக்க வேண்டும் என்று எங்கள் பரிபாலன சபையில் கேட்டுக்கொண்டுள்ளேன். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆசாரியருக்குரிய தட்சிணை அவரவர் வசதிப்படி.