மைக்கை மூடிக்கொள்ளும் பிள்ளைகள்

2020 ஆகஸ்ட். எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படித்த சிறுமி ஒருத்தி காலை ஒன்பதரைக்கெல்லாம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். தொட்டி நிழலில் மூன்று கோடு வரும். அப்பாவின் பழைய போன், திரையின் குறுக்கே ஒரு விரிசல். ஒருநாள் ஆங்கில வகுப்பில் அவளை வாசிக்கச் சொன்னார்கள். 'வெஜிடபிள்' என்ற சொல்லை அவள் 'வெஜி டேபிள்' என்று பிரித்துப் படித்தாள். அதே நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. வகுப்பே சிரித்தது, ஆசிரியையும் சிரித்தார். சாயங்காலம் அந்தப் பத்து விநாடி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கர்களோடு சுற்றியது. மறுநாளிலிருந்து அவள் 'பிரசென்ட் மிஸ்' என்று தட்டிவிட்டு மைக்கை மூடிக்கொள்வாள். அதோடு சரி அவளுடைய ஆங்கிலம்.

2020 மார்ச்சில் பூட்டிய தமிழ்நாட்டுப் பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்குள் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். அதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட முடியவில்லை. 2024 நவம்பரில் காற்று மாசு கூடியபோது டெல்லிப் பள்ளிகள் மறுபடி ஆன்லைனுக்குப் போயின. இங்கே வடகிழக்குப் பருவமழையில் 'ஸ்கூல் லீவு' என்று ஆட்சியர் அறிவித்த மறுநிமிடமே வகுப்பு லிங்க் அனுப்புகிற தனியார் பள்ளிகள் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் கரண்ட்டே இல்லாதபோது லிங்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு விஷயம்.

ஆங்கில வகுப்பை மட்டும் ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், கணக்கைக் கரும்பலகையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். மொழியைக் காதால்தான் பிடிக்க வேண்டும். சிக்னல் தொய்யும்போது, மலிவான போனின் ஒலிபெருக்கியில், முதலில் காணாமல் போவது 'ஸ்', 'ஃப்' போன்ற மெல்லிய காற்றொலிகள். பன்மையைக் காட்டும் கடைசி 'ஸ்' காதில் விழாத பிள்ளைக்கு ஒருமை பன்மை எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு நம் எழுத்து வேறு. மின்விசிறிக்கும் வாணலிக்கும் தடைக்கும் ஆங்கிலத்தில் மூன்று தனிச் சொற்கள். நோட்டில் தமிழில் எழுதிவைத்தால் மூன்றும் தலையில் ஊர்கிற 'பேன்'தான். வகுப்பறையில் என்றால் ஆசிரியரின் உதட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். போனில் ஆசிரியரே ஒரு தபால்தலை அளவுக்குத்தான் தெரிகிறார். அந்தப் பிள்ளை பதில் சொல்லாவிட்டால் 'மக்கு' என்று முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்.

எவ்வளவு நேரம் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல்படி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு நேரலை வகுப்புகளுக்கு மேல் கூடாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு. போனோ இணையமோ இல்லாத வீடுகளுக்குத் தொலைக்காட்சி, வானொலி வழியாகப் பாடம் சேர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இது சட்டமல்ல, வழிகாட்டுதல்தான். ஆனாலும் காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை ஏழாம் வகுப்புப் பிள்ளையைத் திரைமுன் உட்காரவைக்கும் பள்ளிக்குக் கடிதம் எழுதும்போது, 'கண் வலிக்குதுங்க மிஸ்' என்பதைவிட இந்த ஆவணத்தின் பெயர் கனமாக விழும்.

போன், டேட்டா கேட்பது உரிமையா? நேர்மையாகச் சொன்னால், இன்னும் கைக்கு வந்த உரிமை இல்லை. தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சாதனமும் இணையமும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. எனவே போனைக் கேட்டு மல்லுக்கட்டுவதைவிடப் பாடத்தை வேறு வடிவில் கேளுங்கள்: ஆசிரியர் பாடத்தை வாசித்து அனுப்பும் வாய்ஸ் மெசேஜ், ஒரு பக்க அச்சுத்தாள், வாரத்துக்கு ஒருமுறை பள்ளியில் போய் வாங்கிக்கொள்ளும் பயிற்சி. மறுக்க எந்தப் பள்ளிக்கும் நியாயமான காரணம் கிடைக்காது. காது கேளாமை போன்ற குறைபாடு உள்ள பிள்ளை என்றால் அது சலுகை அல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைப் பள்ளியின் கடமையாகவே வைத்திருக்கிறது. கட்டணம் பாக்கி என்பதற்காக ஆன்லைன் வகுப்பிலிருந்து பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று ராஜஸ்தான் பள்ளிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 மே 3 அன்று சொன்னது. லிங்க் திடீரென்று நின்றுபோனால் அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டலாம்.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. உச்சரிப்பைக் கேலி செய்வது, தவறாகப் படித்ததைப் பதிவு செய்து குழுவில் போடுவது, ஒற்றை அறை வீட்டில் பின்னால் யார் தூங்குகிறார்கள் என்று தெரிய வேண்டாம் என்பதற்காகக் கேமராவை அணைத்த பிள்ளையை 'வெளியே போ' என்பது எல்லாமே அந்தச் சொல்லுக்குள் வரக்கூடியவை என்பது என் வாதம். முதலில் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். 'வாய்மொழியா சொல்லிட்டோமே' என்பது எந்த அலுவலகத்திலும் செல்லாது. நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபால். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம். அடுத்தது மாவட்டக் கல்வி அலுவலர். அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுத்தில் கொடுத்த புகாரை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். திருப்தி இல்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

கேலியைவிடக் கொடியதும் உண்டு. 2021 மே மாதம் சென்னையில் ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் ஒருவரின் நடத்தை பற்றி மாணவிகள் வெளியே சொன்ன பிறகு, நேரலை வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது. 'வாசித்துக் காட்டு, தனியா வீடியோ கால் வா' என்று இரவில் அழைப்பது, படம் அனுப்பச் சொல்வது, ஆபாசமாகப் பேசுவது எல்லாம் போக்சோ சட்டத்தில் பாலியல் தொந்தரவாக விசாரிக்கப்படக்கூடியவை. தண்டனை மூன்று ஆண்டு வரை. தெரிந்தும் புகார் செய்யாத பள்ளித் தலைமைக்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு. 'பள்ளி பேரு கெட்டுடும், நாங்களே பேசி முடிச்சுடறோம்' என்று யாராவது சொன்னால் அவர் குற்றத்துக்குத் துணைபோகச் சொல்கிறார் என்று அர்த்தம். குழந்தையைக் காவல் நிலையத்துக்கு வரவழைக்காமல் வாக்குமூலத்தை வீட்டிலேயே எடுக்கலாம், போலீஸ் சீருடை இல்லாமல்தான் வர வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அரட்டையை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட், எண், தேதி, நேரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆனால் பிள்ளையின் அந்தரங்கப் படம் எதையும் 'ஆதாரத்துக்கு' என்றுகூடச் சொந்தக்காரர்களுக்கோ பெற்றோர் குழுவுக்கோ அனுப்பிவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் பரப்புவதே குற்றம். நல்லெண்ணத்தில் ஃபார்வர்டு செய்த மாமா மாட்டிக்கொள்வார்.

வகுப்புக்குள் அந்நியர் நுழைந்து ஆபாசம் காட்டுவது 2020-இல் உலகம் முழுக்க நடந்தது. அந்த ஏப்ரலில் உள்துறை அமைச்சகமே ஜூம் பற்றி அறிவுரை வெளியிட்டது. காரணம் எளிமையானது: லிங்க்கை யாரோ வெளியே பகிர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் புதிய கடவுச்சொல், காத்திருப்பு அறை, ஆசிரியருக்கு மட்டும் திரைப் பகிர்வு, எல்லோரும் வந்தபின் பூட்டு ஆகியவற்றைச் செய்கிறார்களா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். கேட்பதற்குத் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பள்ளி மூடினால் கூடவே திறக்கிற கடை ஒன்றும் உண்டு: 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' செயலிகள். இலவச டெமோ, பிறகு 'உங்க பையன் ரொம்ப பின்தங்கியிருக்கான் சார்' என்று ஒரு போன், அதற்குப் பிறகு 'மாசம் கொஞ்சம்தான்' என்று ஓர் ஓடிபி. அந்த ஓடிபியோடு நீங்கள் கையெழுத்திட்டது பெரும்பாலும் சந்தா அல்ல, கடன். மூன்றாம் வாரம் வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது. தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைத் தர வேண்டாம் என்று மத்தியக் கல்வித் துறை 2021 டிசம்பரிலேயே பெற்றோரை எச்சரித்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி டிஜிட்டல் கடனில் அபராதமின்றி விலகிக்கொள்ள ஓர் அவகாசம் தந்தாக வேண்டும். அது எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள், அன்றைக்கே. ஏமாற்றியது உறுதி என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை புகார்க் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஓடிபி வாங்கிப் பணத்தையே உருவிவிட்டார்கள் என்றால் பேசிக்கொண்டிருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

ஆங்கிலமே தெரியாத பெற்றோர் என்ன செய்ய முடியும் என்று பலர் கூச்சத்தோடு கேட்கிறார்கள். நிறையச் செய்யலாம். வகுப்பு முடிந்ததும் 'இன்னைக்கு என்ன கதை?' என்று தமிழில் கேளுங்கள். தமிழில் சொல்ல முடிந்தால் பாடம் ஏறியிருக்கிறது. முடியாவிட்டால் அன்றே ஆசிரியருக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் காணொளியை இறக்கிவையுங்கள். கல்வித் தொலைக்காட்சிக்கு டேட்டாவே வேண்டாம். நூறு ரூபாய் ஒயர் இயர்போன் உச்சரிப்பைக் காப்பாற்றும். சிக்னல் குறைந்தால் வீடியோவை அணைத்து ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். தினம் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள், திருத்தத் தெரியாவிட்டாலும். எங்கள் தெருச் சிறுமியை மீட்டது அதுதான்: வடிவேலு காமெடியை நிறுத்திவிட்டு அவள் பாட்டி தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டிக்கு எழுத்தே தெரியாது.

அடுத்த மழைக்கு முன் நான்கு எண்களை அடுப்படிக் காலண்டரின் ஓரத்தில் பேனாவால் எழுதிவையுங்கள்: 14417, 1098, 1930, 1915. போனில் மட்டும் சேமித்தால், போனைப் பிள்ளை வகுப்புக்கு எடுத்துப் போயிருக்கும்.