ஓவிய வகுப்பில் தூரிகைக்கு முன் ஒரு கேள்வி

தொடக்கப்பள்ளி ஓவிய வகுப்பு என்றால் வண்ணமும் தூரிகையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், பிள்ளைகள் வரையத் தொடங்குமுன் ஆசிரியர் கேட்கும் கேள்விகளுக்கும் அதில் முக்கிய இடம் உண்டு.

சிங்கப்பூர் தேசிய கலைக்கூடத்தில் உள்ள ‘தேசிய மொழி வகுப்பு’ ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். ஓவியர் சுவா மியா டீ 1959ஆம் ஆண்டில் வரைந்தது. வட்ட மேசையைச் சுற்றிப் பல இனத்தவர் அமர்ந்து மலாய் கற்கின்றனர். கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்?

“இது இன ஒற்றுமையைக் காட்டும் ஓவியம்” என்று ஆசிரியரே சொல்லிவிட்டால், பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொள்வார்கள். ஓவியத்தை உற்றுப் பார்க்கும் தேவை அவர்களுக்கு இராது.

அதற்கு மாறாக, ஆசிரியர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? அமெரிக்காவின் அபிகைல் ஹவுசன், பிலிப் யெனவைன் இருவரும் உருவாக்கிய கற்பித்தல் முறையின் அடிப்படை இக்கேள்விகள்தான்.

இவற்றில் இரண்டாவது கேள்வியே உயிர்நாடி. “இங்கே எல்லாரும் சமம்” என்று ஒரு மாணவி சொன்னால், “எதைப் பார்த்து?” என்று ஆசிரியர் கேட்பார். அவள் மீண்டும் படத்தைப் பார்ப்பாள். “மேசை வட்டமாக இருக்கிறது. அதில் பெரிய இடம், சின்ன இடம் என்று இல்லை” என்பாள். சிங்கப்பூருக்குச் சுயாட்சி கிடைத்தது 1959இல்தான் என்று ஆசிரியர் அதன் பிறகு சொன்னால், அந்தச் செய்தி மனத்தில் தங்கும்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் முக்கியம். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை என்றும், 3 விநாடி பொறுத்தால் மாணவர்களின் பதில் நீண்டு தெளிவாகிறது என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எடுத்துக்காட்டினார். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அந்த 3 விநாடி பெரிய உதவி.

பிள்ளை வரையும்போதும் இதே அணுகுமுறை பொருந்தும். “வானம் நீலமாகத்தானே இருக்க வேண்டும்?” என்பது பார்வைக்குக் கேள்வி, உண்மையில் அது திருத்தம். இப்படிப் பல முறை கேட்ட பிள்ளை, “எனக்கு வரைய வராது” என்று ஒதுங்கிவிடக்கூடும். “வானத்துக்கு இந்த நிறத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய்?” என்று கேட்டால், “மழை வரப்போகுது டீச்சர்” என்று பதில் வரலாம்.

பெற்றோரும் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். பிள்ளை படத்தை நீட்டும்போது, “ரொம்ப அழகு” என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. “இதில் என்ன நடக்கிறது, சொல்லேன்” என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். பிள்ளை தமிழில் கதை சொல்லவும் அது ஒரு வாய்ப்பு.