மறைந்தோர் குரலும் நடிகர் என்னும் பெயரும்

திரைப்படம் முடிவுறுங்கால் திரையில் ஓடும் பெயர்ப்பட்டியலை அரங்கிலுள்ளோர் பெரும்பாலும் இருந்து வாசிப்பதில்லை. ஆயினும் அத்தொழிலில் உள்ளார்க்கு அது வெறும் அலங்காரமன்று. இன்ன வேலையை இன்னார் செய்தார் என்பதற்கு அதுவே சான்று. அடுத்த வாய்ப்பும் ஊதியமும் பரிசும் அதனை ஒட்டியே வருவன. அப்பட்டியலை எழுதுவார்க்கு அண்மைக்காலத்தே புதியதொரு சிக்கல் தோன்றியுள்ளது. பல்லாண்டுகளுக்கு முன் வேறொரு தேவைக்காகப் பதிவுசெய்த ஒருவரது குரலை எடுத்து, வெட்டியும் ஒட்டியும் இயந்திரத்தால் மாற்றியும் புதிய படமொன்றிற் பேசவைத்தால், அவரை அப்படத்தின் நடிகர் என எழுதுதல் தகுமா என்பதே அச்சிக்கல்.

குரல் மட்டும் நடிப்பாகுமா என ஐயுறுவார்க்குப் பரத நூல் என்றோ விடை கூறிவிட்டது. அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என நான்காக வகுத்தபோது, வாக்கினால் நடித்தலை அது தனி வகையாகவே கொண்டது. ஹொலிவுட் இதனை ஏற்பதற்கு நெடுங்காலம் சென்றது. 1973இல் வெளிவந்த 'எக்ஸோர்சிஸ்ட்' என்னும் படத்திலே பேய் பிடித்த சிறுமியாகத் தோன்றியவர் லிண்டா பிளேயர். பேயின் குரலாகப் பேசியவரோ மெர்சிடிஸ் மக்கேம்பிரிட்ஜ். பின்னவர் 1949ஆம் ஆண்டுப் படமொன்றில் நடித்து ஒஸ்கார் பரிசு பெற்றவர். கரகரத்த அக்குரலை வருவிக்கப் பச்சை முட்டை விழுங்கியும் புகைபிடித்தும் மது அருந்தியும் தம் தொண்டையை வருத்திக்கொண்டதாக அவரே கூறியுள்ளார். அத்தனைக்கும் பின், முதலில் வெளியான பிரதிகளில் அவர் பெயர் காணப்படவில்லை. நடிகர் சங்கம் தலையிட்ட பின்னரே அது சேர்க்கப்பட்டது.

நான்காண்டுகளின் பின் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நிகழ்ந்தது. 1977இல் 'ஸ்டார் வோர்ஸ்' படத்திலே கருங்கவசம் அணிந்த டார்த் வேடரின் உடலாக நின்றவர் டேவிட் பிரவுஸ். குரலாக ஒலித்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். அப்படத்திலும் 1980இல் வந்த அடுத்த படத்திலும் தமது பெயர் வேண்டாமென ஜோன்ஸ் தாமே விலக்கினார். தமது குரல் அங்குச் சிறப்பு ஒலி உத்திகளுள் ஒன்றே என்பது அவர் கருத்து. அது பெருந்தன்மை எனலாம். சரியான கணக்கு எனல் அரிது. கவசத்தினுள் ஒலிக்கும் மூச்சுச் சத்தம் நீர்மூழ்குவோரின் சுவாசக் கருவியிலிருந்து பெறப்பட்டது. அதுவே உத்தி. சினத்தை அடக்கிப் பேசும் அந்த நிதானம் எக்கருவியிலிருந்தும் பெறப்பட்டதன்று.

இவ்விருவரும் உயிரோடிருந்து, அப்பாத்திரத்துக்கென்றே பேசியவர்கள். பழைய ஒலிப்பதிவின் நிலை வேறு. மார்லன் பிராண்டோ 2004இல் மறைந்தார். 2006இல் வெளிவந்த 'சூப்பர்மேன் ரிட்டேர்ன்ஸ்' படத்தில் அவர் பேசினார். 1978ஆம் ஆண்டு 'சூப்பர்மேன்' படக்காலத்துப் பதிவுகளே அங்குப் பயன்பட்டன. ஆயினும் பாத்திரம் அதே ஜோர்-எல்; மகனை நோக்கித் தந்தை கூறும் மொழியும் அதே. அவ்வாறே 2016இல் மறைந்த கரி ஃபிஷர், முன்னைய படத்துக்கு எடுத்துப் பயன்படுத்தாது விட்ட காட்சிகளைக் கொண்டு 2019ஆம் ஆண்டுப் படத்தில் இடம்பெற்றார். நடிகர் வரிசையில் முதற்பெயரும் அவருடையதே. இவ்விரண்டிலும் நடிப்பு இடம் மாறியதேயன்றி ஆள் மாறவில்லை. ஆதலின் நடிகர் என்னும் பெயர் இவர்களுக்கு உரியதே.

'ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' என்னும் 2015ஆம் ஆண்டுப் படமோ வேறு வகையினது. அதிலே கனவு போன்றதொரு காட்சியில், கதைத்தலைவியை 'ரே' எனப் பெயர் சொல்லி அழைக்கும் குரல் சேர் அலெக் கின்னஸ் உடையது. அவர் மறைந்தது 2000இல். முன்பு அவர் 'அஃப்ரெய்ட்' என உரைத்த ஆங்கிலச் சொல்லை வெட்டி, நடுப்பகுதியை மாத்திரம் எடுத்து இவ்வழைப்பை அமைத்தனர். அச்சத்தைக் குறித்த சொல்லின் துண்டு ஒரு பெண்ணின் பெயராயிற்று! தாம் வாழ்ந்த காலத்திற் படைக்கப்படாத பாத்திரத்தை ஒருவர் நடிப்பினால் அழைத்தார் என்பது பொருந்துமா? அங்குள்ளது கின்னஸின் குரல், நடிப்பு அன்று. ஒலியைத் தேடி எடுத்துப் பொருத்தியவரின் கைவண்ணமே அது.

எல்லா நடிப்பும் வெட்டி ஒட்டப்படுவதுதானே, தொகுப்பாளரின் கத்தரி படாத நடிகர் யார் என்று வினவுவார் உளர். வினா வலிமையுடையது. எனினும், தொகுப்பாளர் பல பதிவுகளுள் ஒன்றைத் தெரிவு செய்யினும், அச்சொல்லை அப்பொருளில் உரைக்க வேண்டுமென்னும் எண்ணம் நடிகரிடத்தே இருந்தது. எடுத்தலும் படுத்தலும் நலிதலுமாகிய ஓசை வேறுபாடுகள் அவ்வெண்ணத்தினின்று பிறப்பன. அவ்வெண்ணம் எஞ்சியிருக்கும்வரை நடிப்பு எஞ்சியிருக்கும்.

இவ்வளவைக் கொண்டு நோக்குமிடத்து மிகக் கடினமானது 2022ஆம் ஆண்டின் 'ஓபி-வான் கெனோபி' என்னும் தொடரே. அப்போது ஜோன்ஸுக்கு வயது 91. தமது பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு வேடரின் குரலை உருவாக்க அவர் இசைந்தார். உக்ரேன் நாட்டு நிறுவனமாகிய ரெஸ்பீச்சர், அந்நாட்டிற் போர் மூண்ட நாட்களிலும் அப்பணியைச் செய்தது. அந்நிறுவனம் கையாளும் முறை கவனித்தற்குரியது. வேறொருவர் வசனத்தைப் பேசுவார். இயந்திரம் அவரது குரலின் நிறத்தை நீக்கி, பதிவிலுள்ளவரின் நிறத்தை ஏற்றும். வேகமும் நிறுத்தமும் உணர்ச்சியும் பேசியவருடையனவாகவே நிற்கும். பட்டியலில் வேடரின் குரலுக்கு உரியவராக ஜோன்ஸ் பெயர் காணப்பட்டது. அவர் இசைவு தந்தார், உரிமையும் அவருடையது; ஆதலால் அப்பெயரைத் தவறெனத் தள்ளுவதற்கில்லை. ஆயின் இம்முறையிலே புதிய வசனத்தை உண்மையில் நடிப்பவர், பரதர் கூறும் வாசிகத்தைச் செய்பவர், குரல் இழந்தவராய் நிற்கின்றார். மக்கேம்பிரிட்ஜுக்கு நேர்ந்த குறை இங்கு இவருக்கு நேரக்கூடும். தமது குரலென்று சுட்டிக்காட்டவும் இவருக்கு எதுவும் இராது.

முகத்தைப் பொறுத்தமட்டில் ஒரு வழி முன்னரே காணப்பட்டுள்ளது. 1994இல் மறைந்த பீற்றர் குஷிங்கின் முகம் 2016இல் 'றோக் வன்' படத்திற் கணினியால் மீட்கப்பட்டபோது, அப்பாத்திரத்தை நடித்தவராகக் கை ஹென்றியின் பெயரே எழுதப்பட்டது. குஷிங்குக்குத் தனியே சிறப்பு நன்றிக்குறிப்பு இடப்பட்டது. குரலுக்கும் இதுவே ஏற்றது. 'குரல் மூலம் இன்னார், நடிப்பு இன்னார்' என இரு வரிகள் எழுத இடமில்லாத அளவுக்குப் பட்டியல் எதுவும் குறுகியதன்று.

இசைவு பற்றிய வழக்கு ஓரளவு தீர்ந்துள்ளது. 2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து, எண்மமுறைப் பிரதிகளுக்கு இசைவும் ஊதியமும் வேண்டும் என்னும் விதியைப் பெற்றது. மறைந்தோர் பொருட்டுக் கலிபோர்னியா மாநிலம் 2024இல் சட்டமியற்றியது. தமிழ்த் திரையிலும் அவ்வாண்டு 'லால் சலாம்' படப் பாடலொன்றில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் இயந்திரத்தால் மீட்கப்பட்டன. குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியமும் வழங்கியதாக ஏ. ஆர். ரகுமான் அறிவித்தார். ஆனால் இசைவு என்பது குரலைப் பயன்படுத்தும் உரிமையைத் தருவது. நடித்தவர் யார் என்னும் வினாவுக்கு அது விடையாகாது. உரிமையுடையார் ஒருவர், உழைத்தார் மற்றொருவர் என்னும் நிலையில், இரண்டாமவரின் பெயரை எழுதுமாறு கேட்பதற்குக் குடும்பத்தார் வரமாட்டார். அவரே கேட்டாலன்றி வழியில்லை.