பித்தப்பை அறுவையும் உடலின் காவலும்

கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பை பித்தப்பை. அதில் கல் விளைந்து நோவு தருமாயின் கல்லை மட்டும் எடுத்துப் பயனில்லை. பை இருக்கும்வரை கல் மீண்டும் விளையக்கூடும். ஆகவே பையையே அகற்றிவிடுகிறார்கள். 1882ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து மருத்துவர் கார்ல் லாங்கன்புக் இதனை முதன்முதலாகச் செய்தார். பின்னர் நூறாண்டுக் காலம் வயிற்றைக் கீறித் திறப்பதொன்றே வழியாயிருந்தது. 1985இல் ஜெர்மனியின் பேப்ளிங்கன் நகரில் எரிக் மூஹே என்பவர் துளை வழியே குழாயைச் செலுத்தி அதே பையை எடுத்துக் காட்டினார். உடன்தொழிலர் அவரை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

இரு முறையிலும் எடுக்கப்படுவது ஒரே உறுப்பு. உள்ளே உண்டாகும் புண்ணும் ஏறக்குறைய ஒன்றே. வயிற்றுச் சுவரில் விழும் காயம்தான் வேறு. இவ்வேறுபாட்டை உடல் அறியுமா? அறிகிறது. சதை அறுபட்டவுடன் உயிரணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப்பொருளை இரத்தத்தில் விடுகின்றன. அதன் ஏவலால் கல்லீரல் சி-வினைப் புரதத்தைச் சுரக்கிறது. இரண்டு மூன்று நாளில் அது உச்சத்தை அடையும். பெரும்பாலான ஆய்வுகளில் இவ்விரண்டும் திறந்த அறுவைக்குப் பின் மிகுதியாகவும், துளை அறுவைக்குப் பின் குறைவாகவும் ஏறக் கண்டார்கள்.

இக்கிளர்ச்சியை அடுத்துத் தற்காப்பு தளர்வதையே மாணவர்கள் கவனிக்க வேண்டும். வெள்ளணுக்களில் ஒருவகை, எச்.எல்.ஏ.-டி.ஆர். என்னும் புரதத்தைத் தட்டுப்போலத் தாங்கி, நோய்க்கிருமியின் துணுக்கை அதில் ஏந்தி மற்ற அணுக்களுக்குக் காட்டும். காயம் பெரிதாயின் இத்தட்டுகள் குறைகின்றன. பகைவன் நுழைந்தாலும் அடையாளம் காட்டுவார் குறைவு. துளை அறுவையில் இக்குறைவு சிறிதே.

ஆயினும் துளை முறை எல்லாவற்றிலும் மேலென்று நான் சொல்லமாட்டேன். கார்ட்டிசால் என்னும் சுரப்பு இரு முறையிலும் ஏறக்குறைய ஒரே அளவு உயர்வதாகப் பல ஆய்வுகள் கண்டன. மேலும், வயிற்றை உப்பச் செய்ய 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். அவ்வாயுவே வயிற்றுச் சவ்வின் விழுங்கணுக்களை மந்தமாக்குவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. கிளர்ச்சி குறைந்ததில் அதற்கும் பங்கிருக்கலாம் அல்லவா?

1996இல் வெளியான ஷெஃபீல்டு நகர ஆய்வு ஒன்று 200 நோயாளரை இரு கூறாக்கிற்று. ஒரு கூறுக்குத் துளை அறுவை. மற்றதற்குச் சிறு கீறல். யாருக்கு எது என்று தெரியாதபடி எல்லாருக்கும் ஒரேமாதிரிக் கட்டுப் போட்டார்கள். தேறிய நாட்களில் வேறுபாடு காணவில்லை. எனவே, குழாயின் மகிமையைக் காட்டிலும் காயத்தின் அளவே முக்கியமெனத் தோன்றுகிறது.

இன்று துளை முறையே வழக்கமாகிவிட்டது. எனினும் வீக்கத்தால் பித்தநாளம் தெளிவாகத் தெரியாவிடில், மருத்துவர் குழாயை எடுத்துவிட்டு வயிற்றைத் திறப்பதும் உண்டு. நாளம் தவறுதலாக அறுபட்டால் விளையும் கேட்டுக்குமுன், தூதுப்பொருளின் ஏற்றம் ஒரு பொருட்டன்று.