முதியோர் வகுப்பும் முதனாள் உடன்படிக்கையும்

கல்விச்சாலை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது சிறுவர் நிரைநிரையாக அமர்ந்திருக்கும் பள்ளியே. ஆயின், பகலெல்லாம் உழைத்து இரவிற் கற்க வரும் முதியோர்க்கும் வகுப்புகள் உண்டு. அவர்க்குக் கற்பிக்கும் முறை சிறுவர்க்குக் கற்பிக்கும் முறையினின்றும் பல வகையில் வேறுபட்டது. அவ் வேறுபாடுகளுள் தலையாய ஒன்றை மட்டும் ஈண்டு விளக்க விரும்புகின்றேன். கற்போரிடம் ஆசிரியர் எதிர்பார்ப்பது யாது, ஆசிரியரிடம் கற்போர் எதிர்பார்க்கத்தக்கது யாது என்பதை முதனாளிலேயே ஐயந்திரிபற உரைத்து, இருதிறத்தாரும் உடன்பட வேண்டும் என்பதே அது.

இதனை எழுதத் தூண்டியது எங்கள் தோல்வி. சென்ற ஆண்டில் யானும் நண்பர் மூவரும் அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில் இரவு வகுப்பொன்று தொடங்கினோம். முதனாள் இருபத்திருவர் வந்தனர். பெருமகிழ்ச்சியுடன் உடனே கரும்பலகையில் உயிரெழுத்துக்களை எழுதலானோம். இரண்டாம் திங்களில் எஞ்சியவர் ஐவர். 'இவ்வூரார்க்குக் கல்வியில் ஆர்வமில்லை' என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். பின்னொருநாள், வாராது நின்ற பெரியவர் ஒருவரைக் கடைத்தெருவிற் கண்டு காரணம் வினவினேன். "எத்தனை நாள் வரவேண்டும், வந்தால் என்ன கைகூடும் என்று நீங்கள் ஒருவரும் சொல்லவில்லையே, தம்பி! களைத்த உடம்போடு வருகிறவனுக்கு அது தெரியவேண்டாமா?" என்றார். யான் விடையின்றி நின்றேன்.

அப் பெரியவர் கேட்ட கேள்விக்கு நூறாண்டுகட்கு முன்னரே விடை கண்டவர் சிலர் உளர். இங்கிலாந்தில் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்பார் பதினான்காம் வயதிற் பள்ளியை விட்டவர். பின்னர்க் காசாளராக வேலை பார்த்தவர். உழைப்பாளர்க்கு உயர்கல்வி வேண்டுமென்று கருதி, 1903-ஆம் ஆண்டில் தம் மனைவியார் பிரான்சிஸுடன் ஒரு கழகம் நிறுவினார். அதன் முதற் பொருள், அவ்வம்மையார் வீட்டுச் செலவினின்றும் எடுத்தளித்த 2 ஷில்லிங் 6 பென்ஸ் என்பர். அதுவே தொழிலாளர் கல்விக் கழகமாக வளர்ந்தது. 1908-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அக் கழகமும் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகமும் சேர்ந்து இரண்டு ஊர்களில் புதுமுறை வகுப்புகளைத் தொடங்கின. ஒன்று மட்கலத் தொழிலுக்குப் பேர்போன லாங்டன், மற்றொன்று ராச்டேல். 1844-இல் கூட்டுறவுப் பண்டசாலை கண்ட முன்னோடிகளின் ஊர் என்று பொருளியல் பயில்வோர் இதனை அறிவர்.

இவ் வகுப்பிற் சேர விரும்பியோர் ஓர் உறுதிமொழி அளித்தல் வேண்டும். மூன்றாண்டு தொடர்ந்து வருதல். ஆண்டுதோறும் 24 கூட்டங்கள். கூட்டத்திற்கு 2 மணி நேரம். இரு வாரத்திற்கு ஒன்றாக ஆண்டில் 12 கட்டுரை எழுதுதல்: இவையே நிபந்தனைகள். வகுப்பில் ஏறக்குறைய 30 பேருக்கு மேற் கூடாதென்பதும் முறையாயிற்று. பகலெல்லாம் தறியிலும் சூளையிலும் சுரங்கத்திலும் உழைத்தோர்க்கு இத்துணைக் கடுமையா என்று நாம் வியப்போம். ஆயினும் அவர்கள் அஞ்சி ஓடவில்லை. முதியவனுடைய நேரம் அவனுக்கே உரியது. அதை அவன் உறக்கத்தினின்றும், மனைவி மக்களோடு இருக்கும் பொழுதினின்றும் பிடுங்கித் தருகின்றான். தருவதன் அளவும் பெறுவதன் அளவும் தெரிந்தாலன்றி மனம் ஒப்பித் தாரான். 'இயன்றபோது வாருங்கள்' என்பது கேட்பதற்கு அன்புரை போலத் தோன்றும். ஆனால், 'நீ வாராவிடினும் எமக்கு ஒன்றுமில்லை' என்பதே அதன் உட்பொருளாக அவன் செவியிற் படும். எங்கள் வகுப்பிற் பிழைத்தது இவ்விடத்தேயாம்.

உடன்படிக்கை ஒருபுறத்தாரை மட்டும் கட்டுவதாயின் அது கட்டளையாய்விடும். லாங்டனிலும் ராச்டேலிலும் ஆசிரியரும் கட்டுப்பட்டிருந்தார். கற்கும் பொருள் யாதென்பதில் மாணவர்க்கு உரிமை இருந்தது. எழுதிய கட்டுரை ஒவ்வொன்றையும் ஆசிரியர் படித்துத் திருத்துதல் வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்த ஏற்பாடு மற்றொன்று. இரண்டு மணி நேரத்துள் முதல் மணியே ஆசிரியருடைய சொற்பொழிவுக்கு உரியது. இரண்டாம் மணி வினாவுக்கும் விவாதத்திற்கும் உரியது. அது மாணவர் உடைமை. ஆசிரியர் அதனைக் கவர்ந்துகொள்ளலாகாது.

அவ்விரு வகுப்புகட்கும் ஆசிரியராயிருந்தவர் ரிச்சர்டு டானி. இவர் 1880-இல் நம் நாட்டுக் கல்கத்தாவிற் பிறந்தவர். இவர் தந்தையாரே கல்கத்தாப் பிரெசிடென்சிக் கல்லூரித் தலைவராயிருந்து, 'கதாசரித்சாகரம்' என்னும் வடமொழி நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். வகுப்புத் தொடங்கியபோது டானிக்கு வயது 27. அவர் கற்பித்தது பொருளாதார வரலாறு. கூலி, நிலம், ஆலை என்பவற்றை அவர் நூல்களால் அறிந்திருந்தார். எதிரில் அமர்ந்தோரோ உடலால் அறிந்திருந்தனர். ஆதலின் இரண்டாம் மணியில் அவர் கூற்றுக்கள் பலவும் உரைகல்லில் இடப்பட்டன. 1912-இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில், நெசவாளரும் மட்கலத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் நட்போடு தந்த அடிகளால், நூல்களில் எளிதிற் கிடையாத பலவற்றைக் கற்றதாக அவரே நன்றி பாராட்டியுள்ளார். முதியோரை வகுப்பில் ஈடுபடுத்தும் வழி இதனினும் வேறில்லை. அவர்கள் அறிந்ததற்கு வகுப்பில் இடமளித்தால், அறியாததைக் கற்க அவர்களே முன்வருவர்.

இதன் விளைவும் பெரிது. முதல் உலகப் போர் 1914-இல் மூளுமுன் இத்தகைய வகுப்புகள் நூற்றுக்கு மேற் பெருகின. லாங்டன் வகுப்பிற் கற்றோர் சிலர், சுற்றிலுமிருந்த சுரங்கச் சிற்றூர்களுக்குத் தாமே சென்று கற்பிக்கலாயினர்.

மூன்றாண்டு உறுதிமொழியை எங்கள் சிற்றூருக்கு அப்படியே கொண்டுவருதல் பேதைமை. அதன் உட்கருத்தை மட்டும் மேற்கொண்டு இவ்வாண்டில் மீண்டும் தொடங்கினோம். முதலிரவில் எழுத்தைத் தொடவேயில்லை. 'ஐந்து திங்கள், வாரம் இரண்டிரவு, ஏழரை முதல் எட்டரை வரை. முடிவில் பெயரெழுதவும், பேருந்துப் பலகை படிக்கவும், ரசீது பார்க்கவும் இயலும். வர இயலாதவர் முன்னரே சொல்லியனுப்ப வேண்டும்' என்று உரைத்தோம். பின்னர் அவரவர் விருப்பத்தை வினவினோம். ஓர் அம்மையார் தம் நகையடகுச் சீட்டை எடுத்துக் காட்டி, "இதில் என்ன போட்டிருக்கிறதென்று எனக்குத் தெரியவேண்டும்" என்றார். அடுத்த பாடம் அச்சீட்டேயாயிற்று. வந்தோரும் நாங்களும் ஒரே தாளில் ஒப்பமிட்டோம். எழுத அறியாதோர் பெருவிரல் பதித்தனர்.

கடைத்தெருவிற் கண்ட பெரியவரும் வந்து சேர்ந்தார். இடையில் எங்கட்குத் தேர்வு நெருங்கவே, ஒருநாள் சொல்லாமலே வகுப்புக்குச் செல்லாதிருந்துவிட்டோம். மறுமுறை சென்றபோது அவர் அத்தாளை எடுத்து எங்கள் கையொப்பங்களைக் காட்டி, "தம்பி, இதில் நீங்களுந்தானே எழுதியிருக்கிறீர்கள்?" என்றார். தலைகவிழ்ந்து பிழை பொறுக்க வேண்டினோம். அவரும் மற்றையோரும் முறுவலித்து, பலகைகளை எடுத்துக்கொண்டு அமர்ந்தனர். வகுப்பு தம்முடையதென்று அவர்கள் கொண்டுவிட்டமை எங்கட்கு அன்றே புலனாயிற்று. முதியோர்க்குக் கற்பிக்க முன்வரும் மாணவ நண்பர்கள் முதலிரவில் எழுத்துப் பலகையை எடுக்குமுன் அத்தகைய தாளொன்றை எடுப்பார்களாக. அதில் முதற் கையொப்பம் தம்முடையதாக இடுவார்களாக.