சஆதத் பந்தர் முதல் சுற்றுலாக் கடற்கரை வரை: கோவளத்தில் விருந்தாளியும் குடியிருப்போரும்

வாலாஜாபாத்திலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படும் நெடுஞ்சாலை ஒரகடம், படப்பை வழியாக வண்டலூரை அடைகிறது. அங்கிருந்து அதே திசையில் தொடர்ந்தால் கேளம்பாக்கம், அதனைக் கடந்தால் கோவளம், பின்னர் வங்கக்கடல். இச்சாலையின் மேற்கு முனையிலுள்ள வாலாஜாபாத், ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கியது. கிழக்கு முனையிலுள்ள கோவளமோ, கர்நாடக நவாபுகளின் காலத்தில் 'சஆதத் பந்தர்' என வழங்கிய துறைமுகம். 'சஆதத்' என்றால் நற்பேறு; 'பந்தர்' என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். நவாபியப் பெயர்கள் இரண்டினை இணைக்கும் இச்சாலையின் நடுவேதான் இன்று ஒரகடத்தின் வாகனத் தொழிற்சாலைகள் நிற்கின்றன.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையும் ஒரகடத்தில் இதனைச் சந்திக்கிறது. எனவே, அத்தொழில் வட்டாரத்தில் வாழும் பல்லாயிரம் தொழிலாளருக்கு மிக எளிதில் எட்டக்கூடிய கடல் கோவளத்துக் கடலே ஆகும். ஒரகடத்திலிருந்து அது ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அங்குச் சென்று வருபவர் ஃபிக்ஹ் சட்டப்படி தொழுகையைச் சுருக்கும் 'முசாபிர்' ஆகமாட்டார். அவர் அயலூருக்குப் போகும் பயணியல்லர். தம் வட்டாரத்துக்குள்ளேயே ஓரிடத்துக்குப் போய் வருபவர். இந்தச் சட்ட நுணுக்கத்தை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் நினைவுகூர்வோம்.

கடற்கரைச் சிற்றூர் ஒன்று எவ்வாறு உல்லாசத்தலமாக மாறுகிறது? அங்கு வருவோருக்கும் வாழ்வோருக்கும் இடையிலான உறவு யாது? கோவளத்தை முன்வைத்து இக்கேள்விகளை ஆராய்வது நமக்குப் பயனளிக்கும்.

துறைமுகமும் கோட்டையும்

ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்த தாழ்நிலப் பகுதியின் வணிகர்கள் 1719 அளவில் கோவளத்தில் ஒரு பண்டகசாலையை நிறுவினர். 1722இல் முறையான சாசனம் பெற்ற ஒஸ்டெண்டு வணிகக் குழுமம் இதனைத் தன் இந்தியத் தளங்களுள் ஒன்றாகக் கொண்டது. பிற ஐரோப்பிய வல்லரசுகளின் எதிர்ப்பால் 1727இல் அதன் உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. 1731இல் குழுமமே கலைக்கப்பட்டது. பின்னர் நவாபின் கோட்டை கோவளத்தின் அடையாளமாயிற்று.

1750இல் பிரெஞ்சுக்காரர் தந்திரத்தால் இக்கோட்டையைக் கைப்பற்றினர். 1752இல் இராபர்ட் கிளைவ், பயிற்சியற்ற புதுப்படையினரை அழைத்து வந்து கோவளத்தை முற்றுகையிட்டார். குண்டுச் சத்தத்தில் அஞ்சிய அப்படையினருள் ஒருவன் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டான் என மெக்காலே எழுதுகிறார். இருப்பினும் கோட்டை சரணடைந்தது, வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. துறைமுகமாக இருந்த ஊரின் அரசியல் வாழ்வு அத்துடன் முடிவுற்றது. 1763இல் நவாப் முஹம்மது அலி செங்கற்பட்டுப் பகுதியைக் கும்பினிக்கு ஜாகீராக வழங்கியபோது, கடலோரமும் இன்றைய தொழில் வட்டார நிலங்களும் ஒரே கை மாறின.

பிரெஞ்சுக்காரர் கோவளத்தைப் பிடித்த அதே 1750ஆம் ஆண்டில்தான், கடல்நீரின் மருத்துவப் பயன் குறித்து ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் ஆங்கில மருத்துவர் இலத்தீனில் எழுதிய நூல் வெளிவந்தது. பிரைட்டன் என்னும் மீனவர் சிற்றூர் இங்கிலாந்தின் புகழ்மிக்க உல்லாச நகராக வளர்ந்ததற்கு அந்நூல் ஒரு தூண்டுகோல் என்பர். கடல் என்பது தொழிலுக்கும் பயணத்துக்கும் மட்டுமன்று, ஓய்வுக்கும் உரியது என்னும் எண்ணம் அங்கே அப்போதுதான் வேரூன்றியது. அந்த எண்ணம் கோவளத்தை வந்தடைய மேலும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பழைய கோட்டை இருந்த இடத்தில் 1974இல் தாஜ் குழுமத்தின் 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்' விடுதி திறக்கப்பட்டது. பெயரில் மீனவரைக் கொண்ட அவ்விடுதியின் வரவோடு, கோவளம் ஓர் உல்லாசத்தலமாக அறியப்படலாயிற்று.

ஸியாரத்தும் சுற்றுலாவும்

ஆயினும், கோவளத்துக்கு வெளியூரார் வருவது விடுதியோடு தொடங்கியதன்று. தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்காவை நாடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வருகின்றனர். அவர்கள் நபி (ஸல்) அவர்களின் தோழர் என்றும், அவர்களது உடலைத் தாங்கிய பேழை கடல்வழியே மிதந்து வந்து இக்கரையை அடைந்தது என்றும் மக்கள் நம்புகின்றனர். வாய்மொழி மரபாக வந்த இச்செய்தியை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கு வேறு ஆதாரங்கள் தேவை. எனினும், சோழமண்டலக் கடற்கரை முஸ்லிம்களின் நினைவில் கடல் எத்தகைய இடம் பெற்றிருந்தது என்பதை இம்மரபு தெளிவாக உணர்த்துகிறது. கடல் அவர்களுக்கு எல்லையாக இருக்கவில்லை. பொருளும் மனிதரும் மார்க்கமும் வந்துசேர்ந்த வழியாக இருந்தது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய ஊர்களின் வரலாறும் இதனையே கூறும்.

வியாழன் இரவுகளில் தர்காவில் தங்கிச் செல்வோர் பலர். பிணி நீங்க வேண்டி வருவோரும், மனக்கவலையோடு வருவோரும், முஸ்லிமல்லாதோரும் அவர்களுள் உண்டு. அருகிலேயே, சென்னை வணிகர் ஜான் டி மான்ட்டி 1808இல் கட்டிய கார்மேல் அன்னை தேவாலயம் உள்ளது. 1821இல் மறைந்த அவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மீனவர் குடியிருப்புகளும் கோயில்களும் சூழ, மூன்று சமயத்தவரும் ஒரே மணலைப் பகிர்ந்து வாழும் ஊர் இது.

ஸியாரத்துக்கு வருபவருக்கும் சுற்றுலாவுக்கு வருபவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னவர் ஊரை நாடி வருகிறார்; ஊராரின் கடையில் உண்டு, ஊராரின் திண்ணையில் உறங்குகிறார். பின்னவர் கடலை நாடி வருகிறார். ஊர் அவருக்குக் கடலை அடையும் பாதை மட்டுமே. இதனால் சுற்றுலா தீயது என்பது பொருளன்று. பூமியில் பயணம் செய்து சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பலமுறை அழைக்கிறது. வாழுமிடத்தைக் காணாமல் கடந்துசெல்லும் பயணத்தில் அந்தச் சிந்தனைக்கு இடம் குறைவு என்பதே நாம் கூற விழைவது.

ஞாயிற்றுக்கிழமைக் கடல்

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும், அதனைத் தொடர்ந்து பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டு ஆலைகளும் உற்பத்திக்கு வந்தன. வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உள்மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த இவ்விளைஞர்களுள் கடலை முதன்முறையாகக் கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ கண்டவர் பலர் இருப்பர்.

இவர்களது நிலை கருதத்தக்கது. ஸ்ரீபெரும்புதூரில் இவர்கள் வாழ்கின்றனர். ஆயினும் அவ்வூரார் ஆவதில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தால் அறையைக் காலிசெய்ய வேண்டும். அறை வாடகை ஏறுவதற்கு இவர்களே காரணம் என்று உள்ளூரார் முணுமுணுப்பதையும் இவர்கள் கேட்பதுண்டு. வெளியார் வருகையால் நில விலை ஏறித் தம் பிள்ளைகளுக்கு ஊருக்குள் மனை வாங்க இயலாமற்போகுமோ என அஞ்சும் கோவளத்துக் குடும்பங்களின் கவலையை இவர்களைவிட நன்கு உணரக்கூடியவர் யார்? வேலையூரில் தாம் பெற விரும்பும் மரியாதையை, ஓய்வுக்குச் செல்லும் ஊருக்கு இவர்கள் வழங்க முடியும்.

மணலின் இயல்பும் 'ஹரீம்' என்னும் கோட்பாடும்

கடற்கரை நிலையான நிலமன்று. தமிழகத்தின் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக் காலத்தில் மணல் வடக்கு நோக்கியும், வாடைக்காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. ஆண்டு முழுமையும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. கடலுக்குள் கல்லடுக்கி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் அதன் தென்புறத்தில் மணல் சேரும். வடபுறத்தில் கரை அரிக்கப்படும். ஒருவர் தம் கரையைக் காக்க எழுப்பும் சுவர், அடுத்தவர் கரையைக் கரைத்துவிடும்.

முட்டுக்காடு முகத்துவாரமும் அவ்வாறே. கோடையில் மணல்திட்டு அதனை அடைக்கிறது. மழைக்காலத்தில் நீர் அதனை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக வரும் வெள்ளத்துக்கு இதுவே வடிகால். 2015 பெருமழையின்போது தென்சென்னைக்கு இம்முகத்துவாரம் எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கியது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையோ, கடலோரத்தில் வெற்றிடமாக விடப்படும் மணற்பரப்பு வீணான நிலமன்று என்பதைப் பெரும் விலை கொடுத்துக் கற்பித்தது.

இந்திய அரசு 1991இல் வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான பகுதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. ஊரகக் கடற்கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டுமானத்தைத் தடுத்தது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிக்க ஊரகப் பகுதிகளுக்கு இத்தொலைவை 50 மீட்டராகக் குறைத்தது.

இஸ்லாமியச் சட்டவியலில் இதற்கு இணையான கோட்பாடு ஒன்று உண்டு, அதுவே 'ஹரீம்'. கிணறு, ஊற்று, ஆறு, கால்வாய் ஆகியவற்றைச் சுற்றி, அவற்றின் பயன்பாட்டுக்குத் தேவையான நிலத்தை எவரும் தனியுடைமையாக்கக் கூடாது என ஃபகீஹ்கள் வகுத்தனர். கிணற்றின் ஹரீமாக 40 முழம் என ஒரு நபிமொழி அறிவிப்பில் காணப்படுகிறது. மத்ஹபுகளிடையே அளவில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அடிப்படை ஒன்றே: நீரை நாடி வருவோருக்கு வழியும், கால்நடை நிற்க இடமும், தூர்வாரிய மண்ணைக் கொட்ட இடமும் வேண்டும். தீங்கிழைத்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்ற பொது விதியும் இதனோடு சேரும்.

மீனவர் வலை உலர்த்தும் மணலும், படகை இழுத்து நிறுத்தும் இடமும் கடலின் ஹரீம் அல்லவா? மீனவருக்கு அது தொழிற்கூடம். கோவளம் கடற்கரை 2021இல் 'நீலக்கொடி' தரச்சான்றிதழ் பெற்றது. தூய்மை, நீரின் தரம், பாதுகாப்பு முதலிய 33 அளவுகோல்களை நிறைவு செய்தால் கிடைக்கும் சான்று அது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் வலையும் படகும் இல்லாத கரையே அழகிய கரை என்று நாம் எண்ணத் தொடங்கினால், தூய்மையின் பெயரால் ஊரையே அகற்றியவர்களாவோம். மாறாக, 2013 முதல் கோவளத்தில் நடந்த அலைச்சறுக்கு விழாக்களில் மீனவ இளைஞர்கள் முன்னின்றனர். தந்தையரிடம் கற்ற கடலறிவையே அவர்கள் புதிய தொழிலாக்கினர். ஊராரை உள்ளடக்கிய சுற்றுலா இயலும் என்பதற்கு இது சான்று.

விருந்தாளியின் கடமை

விருந்தோம்பல் மூன்று நாள். அதற்கு மேல் அளிப்பது தர்மம். உபசரிப்பவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும்வரை தங்குவது விருந்தினருக்கு ஆகுமானதன்று என்பது நபிமொழியின் கருத்து. விருந்தினரின் உரிமையை வலியுறுத்தும்போதே அதற்கு எல்லையையும் மார்க்கம் வகுத்துவிட்டது. வார இறுதிதோறும் விருந்தினர் வரும் ஊருக்கு இந்த எல்லை மிக அவசியம்.

ஆகவே, கோவளம் செல்வோர் ஊராரின் கடைகளில் உண்ணட்டும். நெகிழிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவரட்டும். வலை காயும் இடத்தில் வாகனத்தை நிறுத்தாதிருக்கட்டும். வாடைக்காலத்தில் கடலில் இறங்க வேண்டாமென மீனவர் எச்சரித்தால் செவிசாய்க்கட்டும். அச்சொல்லை மீறியோர் உயிரிழந்த செய்திகள் ஒவ்வோர் ஆண்டும் இக்கரையிலிருந்து வருகின்றன. தர்காவுக்கு வருவோர், அது ஊராரின் தொழுகையும் துயிலும் நடக்கும் இடத்தை ஒட்டியது என்பதை மறவாதிருக்கட்டும்.

ஜமாஅத்துகளுக்கும் கல்வியாளர்களுக்கும் ஒரு பணி காத்திருக்கிறது. தர்காவின் வக்ஃபு ஆவணங்கள், முதியோரின் வாய்மொழிச் செய்திகள், பொதுவழிகளின் பெயர்கள் ஆகியவற்றை இன்றே பதிவு செய்ய வேண்டும். நில விலை ஏறும் ஊரில் முதலில் மறைவது பொதுவழியே; எழுதப்படாத உரிமையை மீட்பது அரிது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்படும்வரை, ஒரகடமும் கோவளமும் ஒரே மாவட்டத்து ஊர்களாகவே இருந்தன. தொழில் வட்டார ஜமாஅத்துகளும் கடலோர ஜமாஅத்துகளும் இப்பணியில் கைகோப்பது புதுமையன்று.

ஒரகடத்திலிருந்து கோவளம் செல்பவர் முசாபிர் அல்லர் என்று தொடக்கத்தில் கூறினோம். பயணிக்குரிய சலுகைகள் அவருக்கு இல்லை. ஞாயிறு மாலை அவர் திரும்பிச் செல்லும் அறையும், அவர் விட்டுவரும் கரையும் ஒரே சாலையால் பிணைக்கப்பட்டவை. ஆகவே அண்டை வீட்டாருக்குரிய கடமைகள் அவர்மீது உண்டு.