கணினியை அறிதலும் ஐயம் வினாவுதலும்

ஒரு கருவியைக் கையாளத் தெரிதல் வேறு. அக்கருவியை அறிதல் வேறு. துவிச்சக்கர வண்டியை ஓட்டுபவர் அதனைச் செய்யத் தெரிந்தவரல்லர். ஆயினும், சங்கிலி கழன்றால் கழன்றது சங்கிலியே என்பது அவருக்குத் தெரியும். உறுப்புகள் கண்முன்னே நிற்பதால், பழுது எங்கே என்று பிறர்க்குச் சொல்லவும் அவரால் முடிகின்றது. கணினியின் நிலை இதுவன்று. அதன் வேலை முழுவதும் திரைக்குப் பின்னே நடைபெறுகின்றது. இன்று கணினியையோ கைத்தொலைபேசியையோ தொடாது கழியும் நாள் பலருக்கு இல்லை. எனினும், அவற்றைப் பயன்படுத்துவோருள் அவற்றின் இயல்பை ஓரளவேனும் அறிந்தோரின் விகிதம் குறைந்துகொண்டே வருகின்றது. இக்குறை எவ்வாறு நேர்ந்தது, இதனால் விளையும் தீங்கு யாது, ஐயம் வினாவுவோரும் விடை பகர்வோரும் ஒழுகவேண்டிய முறை யாது என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முன்னாளில் கணினி தன்னை அறியாதவரைத் தன்னிடம் அண்டவிடவில்லை. இதற்கு இங்கிலாந்து நல்ல எடுத்துக்காட்டாகும். அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமாகிய பீபீசி, பொதுமக்களுக்குக் கணினி அறிவூட்டக் கருதி ஒரு திட்டம் வகுத்தது. அதற்கென ஏக்கோர்ன் என்னும் கேம்பிறிட்ஜ் நிறுவனம் செய்தளித்த ‘பீபீசி மைக்ரோ’ என்னும் சிறு கணினி 1981ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. 1982 ஜனவரியில் தொலைக்காட்சிப் பாடங்களும் தொடங்கின. அக்கணினியை இயக்கினால் திரையில் படங்கள் தோன்றா. சில எழுத்துகளும், கட்டளைக்காகக் காத்து நிற்கும் ஒரு குறியுமே தோன்றும். விளையாட்டொன்றை ஆடவிரும்பிய சிறுவனும், ஒலிநாடாவிலிருந்து அதனை ஏற்றுதற்குரிய கட்டளையைத் தன் கையாலேயே எழுதவேண்டியிருந்தது. கட்டளை எழுதுதற்குரிய மொழி ‘பேசிக்’ என்பது. அமெரிக்காவின் டாட்மத் கல்லூரியில் கெமெனி, கேட்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர் இருவர், விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கணினியைக் கையாளவேண்டும் என்று கருதி 1964இல் அமைத்த எளிய மொழி அது.

அச்சிறுவர் யாவரும் கணினி வல்லுநராகிவிடவில்லை. ஆயினும், மூன்று உண்மைகளைக் கல்லாமல் ஒருவரும் தப்பவில்லை. கணினி தனக்கு இடப்பட்ட கட்டளையையே செய்யும். நாம் மனத்தில் எண்ணியதைச் செய்யாது என்பது ஒன்று. நினைவகத்தில் உள்ளது மின்சாரம் நின்றவுடன் அழியும். வேறோரிடத்திற் சேமித்ததே நிலைக்கும் என்பது மற்றொன்று. திரையில் தோன்றும் பிழைச்செய்தி படிக்கப்படுதற்காகவே எழுதப்பட்டது என்பது மூன்றாவது.

பின்னர் நிலைமை மாறியது. 1984இல் வந்த மக்கின்ரொஷ் கணினியும், 1995இல் வந்த விண்டோஸ் 95 என்னும் மென்பொருளும் கட்டளைகளுக்குப் பதிலாகப் படங்களைத் திரையில் நிறுத்தின. 2007இல் வந்த ஐபோன், விசைப்பலகையையும் நீக்கி, விரலால் தொடுதலே போதும் என்றாக்கியது. இவை பழிக்கத்தக்க மாற்றங்கள் அல்ல. கட்டளை மொழி ஒன்றும் அறியாத முதியவர் கடல் கடந்த பேரனின் முகத்தைக் கண்டு உரையாடுவது இம்மாற்றங்களின் பயனேயாகும். முன்னையோர் கூரியர், இன்றையோர் மந்தர் என்று கூறுதலும் நீதியன்று. முன்னாளில் கணினியிடம் வந்தவர் அதன்மீது வேட்கை கொண்ட சிலர். இன்று வருவோர் எல்லாரும். கருவி எளிதாகியபோது அறிவு வேண்டப்படாததாயிற்று. வேண்டப்படாதது கற்பிக்கப்படாமலும் போயிற்று.

இதன் விளைவைக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தார் கண்கூடாகக் கண்டனர். அங்கே கணினி விஞ்ஞானம் பயில விண்ணப்பித்தோர், 1990ஆம் ஆண்டுகளில் வீட்டிலேயே கட்டளைநிரல் எழுதிப் பழகியவராய் வந்தனர். பத்தாண்டு கழிந்தபின் வந்தோருட் பலர் இணையப் பக்கம் ஓரளவு அமைத்தலன்றி வேறு பயிற்சி இல்லாதவராயிருந்தனர். விண்ணப்பித்தோர் தொகையும் குறைந்தது. இதனைக் கண்டு கவலையுற்றவர்களுள் எபன் அப்டன் என்னும் ஆசிரியர் ஒருவர். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர் சிலரும், தம் மாணவர் ஒரு கோப்பு எந்தக் கோப்புறையில் உள்ளது என்னும் வினாவையே விளங்கிக்கொள்ளவில்லை எனக் கூறியதை 2021இல் அந்நாட்டு இதழொன்று வெளியிட்டது. அலுமாரியில் தட்டுகளும், தட்டில் பெட்டிகளும், பெட்டியில் கடிதங்களும் வைப்பதுபோலக் கோப்புகளை அடுக்கிவைப்பது பழைய முறை. தேடுபொறியோடு வளர்ந்த இளையோர்க்கோ எல்லாம் ஒரே சாக்கில் கிடக்கின்றன. வேண்டியதைப் பெயர் சொல்லி அழைத்தால் அது வருகின்றது. பெயர் மறந்துபோனால் தேட வழியில்லை.

அறியாமை தரும் இடர் இவ்வளவில் நின்றுவிடுவதன்று. பல நாடுகளில் நடந்துவரும் ஒரு மோசடியை நோக்குக. அறியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “உங்கள் கணினியில் வைரசு புகுந்துள்ளது; நாங்கள் திருத்தித் தருகின்றோம்” என்பார். விண்டோஸ் தன் அன்றாட நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் ஏட்டைத் திறக்கச் சொல்வார். அதிலே சிவப்பு அடையாளமிட்ட பிழைகள் பல காணப்படும். பழுதில்லாத கணினியிலும் இத்தகைய சிறு பிழைகள் நாள்தோறும் பதியப்படும் என்பதை அறியாதவர் அஞ்சிவிடுகின்றார். அந்த அச்சத்தால் தம் கணினியின் ஆட்சியையும் வங்கி விபரத்தையும் அயலார் கையில் ஒப்புவிக்கின்றார். இங்கே திருடப்படும் பணத்துக்கு வாயிலாய் அமைவது ஓர் ஏட்டின் இயல்பை அறியாமையேயாம்.

அறியாதவர் அறிந்தவரை நாடிக் கேட்டுத் தெளியலாமே எனின், அவ்வாறு கேட்பதற்கும் ஓரளவு அறிவு வேண்டும். “கணினி வேலை செய்யவில்லை” என்பது, வைத்தியரிடம் சென்று “உடம்பு சரியில்லை” என்பது போன்றது. எங்கே நோகின்றது, எப்போது தொடங்கியது, என்ன உண்டீர் என்று அவர் கேட்டறிந்த பின்னரே மருந்து பிறக்கும். கணினி பற்றி வினாவுபவர் இவ்விபரங்களை முதலிலேயே கூறுதல் நன்று. கருவி எது, மென்பொருள் எது, அதன் பதிப்பு எது? தாம் செய்தது யாது, எதிர்பார்த்தது யாது, நடந்தது யாது? திரையில் தோன்றிய செய்தி சொல் மாறாமல் யாது? இதுவரை முயன்று பார்த்தவை யாவை? சைமன் டாதம் என்னும் ஆங்கில நிரலாளர் 1999இல் எழுதிய வழிகாட்டிக் கட்டுரை ஒன்றும், கண்டதையும் ஊகித்ததையும் வேறுபிரித்துக் கூறுக என வலியுறுத்துகின்றது. “வைரசு புகுந்துவிட்டது” என்பது ஊகம். “நேற்று முதல் இக்கோப்பைத் திறக்கப் பத்து நிமிடம் செல்கின்றது” என்பது கண்டது. கண்டதைச் சொன்னால் காரணத்தை வல்லவர் தேடுவர். ஊகத்தை மட்டும் சொன்னால் அவரும் வழிதவறுவர். விடை பெற்றபின் அதனாற் பயன் விளைந்ததா இல்லையா என்று திரும்பி வந்து தெரிவித்தலும் வினாவியவர் கடன். அடுத்து அதே இடருக்குள்ளாகும் மற்றொருவர்க்கு அது வழிகாட்டும்.

இனி, விடை பகர்வோர் கடனையும் நோக்கவேண்டும். 1980இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடையே யூஸ்நெற் என்னும் செய்திப் பரிமாற்ற அமைப்பு தொடங்கியது. ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்திற் புதிய மாணவர் அதில் நுழைவர், முறை அறியாமல் கேட்பர், பழையோர் திருத்துவர். சில வாரங்களில் எல்லாம் அமைதியடையும். 1994இல் ஏஓஎல் என்னும் வணிக நிறுவனம் தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் அவ்வமைப்பின் வாயிலைத் திறந்துவிட்டது. அதன்பின் புதியோர் வரவு ஓயவில்லை. பழையோரால் கற்பித்து முடியவும் இல்லை. அதனை முடிவில்லாச் செப்டெம்பர் என்று சிலர் கசப்போடு கூறினர். 1995 ஒக்டோபரில் இணைய ஒழுக்கத்துக்கான நெறிகள் ஓர் ஆவணமாகவே தொகுக்கப்பட்டன. எனினும், ஏட்டில் எழுதிய நெறி, அருகிருந்து திருத்திய மூத்தோருக்கு ஈடாகவில்லை.

அலுப்புற்ற வல்லுநர் சிலர், “கையேட்டைப் படித்துவிட்டு வா” என்று வினாவியவரை இகழத் தலைப்பட்டனர். நன்னூலார் ஆசிரியராகத் தகாதவர்க்குக் கூறும் உவமைகளுள் ஒன்று மடற்பனை. கருக்கு மட்டைகள் சூழ்ந்த பனையில் ஏறிப் பழம் பறித்தல் இயலாது; அது தானாக விழுத்தினால்தான் உண்டு. கற்றவர் தம்மைச் சுற்றி இகழ்ச்சியாகிய கருக்கை வளர்த்துக்கொண்டால், அறிவு வேண்டி வந்தவர் இனிய மொழி பேசும் மோசடிக்காரரிடமே போய்ச்சேர்வர். காரணம் கூறாது கட்டளையை மட்டும் கொடுத்து, “இதனை அப்படியே எழுது” என்பதும் நல்ல உதவியன்று. ஒரு வரிக் கட்டளை கோப்புகள் அனைத்தையும் அழித்துவிடவல்லது. பொருள் தெரியாமல் எதனையும் எழுதப் பழகியவர், நாளை தீயவர் கொடுப்பதையும் எழுதுவார்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், பலர் தம் ஐயங்களை இயந்திரத்திடமே கேட்கின்றனர். அது இகழ்வதில்லை, சலிப்பதில்லை. இது பெரிய ஆறுதலே. ஆனால், தவறான விடையையும் அது தெளிந்த நடையிலேயே கூறக்கூடும். அதனைச் சீர்தூக்கிப் பார்க்க அடிப்படை அறிவு வேண்டும். அன்றியும், அங்கே பெற்ற விடை கேட்டவரோடே நின்றுவிடுகின்றது. பொதுவிற் கேட்டுப் பொதுவிற் பெற்ற விடையைப்போலப் பின்வருவோர்க்குப் பயன்படுவதில்லை.

குறையை உணர்ந்த இங்கிலாந்து வாளாவிருக்கவில்லை. அப்டனும் அவர்தம் நண்பர்களும் முயன்று, 35 டொலர் விலையில் றாஸ்பெரி பை என்னும் சிறு கணினியை 2012 பெப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன் உறுப்புகள் மூடி மறைக்கப்படாமல் வெளிப்பட நின்றன. அவ்வாண்டு ஜனவரியில் றோயல் சொசைற்றி என்னும் விஞ்ஞானக் கழகம், பள்ளிகளில் நடந்த கணினிப் பாடத்தின் குறைகளை எடுத்துக்காட்டி அறிக்கை வெளியிட்டது. 2014 செப்டெம்பர் முதல், மென்பொருளைக் கையாளப் பழக்கும் பழைய பாடத்துக்குப் பதிலாக, கணினியின் இயக்கத்தைக் கற்பிக்கும் புதிய பாடம் அங்கே நடைமுறைக்கு வந்தது.

நாம் எல்லாரும் நிரலாளராக வேண்டியதில்லை. நான்கு வினாக்களுக்கு விடை அறிந்திருத்தல் போதும். என் கோப்பு எங்கே இருக்கின்றது? அதன் பிரதி வேறோரிடத்தில் உண்டா? திரையில் தோன்றிய செய்தி என்ன சொல்கின்றது? என் கடவுச்சொல்லைக் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கின்றார்? இவற்றை அறிந்தவர் கருவிக்கு அடிமையாகார். அறியாத இடத்தில் எவ்வாறு வினாவுவது என்பதும் அவர்க்குத் தெரியும். அறிந்தவர் இவற்றைத் தம் இல்லத்து முதியவர் ஒருவர்க்கும் சிறுவர் ஒருவர்க்கும் பொறுமையோடு சொல்லிக்கொடுப்பாராயின், பள்ளிகள் செய்யத் தவறியதிற் பெரும்பகுதி வீடுகளிலேயே நிறைவேறிவிடும்.